அப்பா கையில் ஒரு டில்லி புத்தகம்

டில்லிக்கு நாலு நாள் போறதுன்னு முடிவானதும் எங்க வீட்டுல நடந்த முதல் பட்டிமன்றம் டிக்கெட் பத்தியோ ஓட்டல் பத்தியோ இல்லை. கைடு புத்தகம் வாங்கணுமா வேண்டாமா, வாங்கினா எது? இதுதான் தலைப்பு. "இந்தக் காலத்துல யாருங்க புத்தகம் வாங்கறாங்க? போன்ல தட்டினா எல்லாம் வந்துடும்" என்பது தங்கமணி கட்சி. "வாங்கியே ஆகணும்" என்பது என் கட்சி. நடுவர் ஆறாவது படிக்கிற எங்க பொண்ணு. தீர்ப்பு வழக்கம்போல அம்மா பக்கம் :-)

ஆனாலும் வாங்கினேன். எதைப் பார்த்து எதை ஒதுக்கினேன்னு எழுதி வெச்சா, ஊர்லேர்ந்து அப்பா அம்மாவை வரவழைச்சு எங்கயாவது கூட்டிட்டுப் போக நினைக்கிற உங்கள்ல யாருக்காவது உதவும்னு தோணுது. அதான் இந்தப் பதிவு.

நாங்க புனே வந்து பதினாலு வருஷம் ஆச்சு. வருஷா வருஷம் அப்பாவும் அம்மாவும் கும்பகோணத்துலேர்ந்து வந்து ரெண்டு மாசம் இருந்துட்டுப் போவாங்க. நம்ம எல்லார் வீட்டுலயும் நடக்கிறதுதான். ஊர்ல போஸ்ட் மாஸ்டரா இருந்து, தெருவே "சார்"னு கூப்பிட்ட மனுஷர், இங்க வந்தா பால் பாக்கெட் வாங்கக்கூட நம்ம முகத்தைப் பார்க்கணும். ஹிந்தி தெரியாது, மராத்தி தெரியாது. ஆட்டோ கூப்பிட ஒரு ஆப், காசு குடுக்க ஒரு ஆப், கடைசியில அவருக்குத்தான் ஆப்பு. கார்ல போனா பின் சீட்டுல உட்கார்ந்து "இன்னும் எவ்வளவு தூரம்டா?" மட்டும் கேட்பார். மரியாதையா தூக்கிட்டுப் போற லக்கேஜ் மாதிரி ஆயிடறாங்க, பாவம். நாம பாசமாத்தான் இருக்கோம். ஆனா வழி தெரிஞ்சவன் மகன், தெரியாதவர் அப்பாங்கிற நிலைமை அவருக்குள்ள என்ன பண்ணும்னு நாம யோசிக்கிறதில்லை.

"டில்லியில என்னென்ன பார்க்கணும்னு சொல்லுங்கப்பா"ன்னு கேட்டேன்.

"காந்தியைச் சுட்ட எடம் இருக்காமேடா. அதைப் பார்த்தாப் போதும். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

1948 ஜனவரி 30 நடந்தப்போ அப்பா பிறக்கவே இல்லை. அதுக்கு அடுத்த வருஷம்தான் பிறந்தார். ஆனா சேதி வந்த அன்னைக்கு தாத்தா, வீட்டுல சாவு விழுந்த மாதிரி காவிரியில போய்த் தலை முழுகிட்டு வந்ததையும், பாட்டி அடுப்பு மூட்டாததையும் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர். இப்ப வயசு எழுபத்தஞ்சைத் தாண்டியாச்சு. முட்டி தேய்ஞ்சு போச்சு. டாக்டர், படி ஏறக்கூடாது, ஒரு மணி நேரத்துக்கு மேல நிக்கக்கூடாதுன்னு சொல்லிட்டார். ஒரு நாளைக்கு ஒரு இடம், மிஞ்சிப்போனா ரெண்டு. அடுத்த வருஷம் இந்த அளவுக்கு நடப்பாரான்னு யாரும் சொல்ல முடியாது. அதனால அவரால பார்க்க முடியாத இடத்துக்குக் கூட்டிட்டுப் போய் நிறுத்தினா, அந்த அரை நாள் திரும்பக் கிடைக்காது.

இந்தக் கவலையோடதான் புத்தகம் தேடப் போனேன். புனேவுல புத்தகக் கடைகள் குவிஞ்சு கிடக்கிற இடத்துக்குப் பேரு அப்பா பல்வந்த் சௌக். அப்பாவுக்குப் புத்தகம் வாங்க இதைவிடப் பொருத்தமான இடம் உண்டா? ஹி ஹி. அங்க பாடப் புத்தகம்தான் அதிகம். பொறுமையா தோண்டினா மத்ததும் வரும். அங்கயும் இங்கயுமா ரெண்டு சனிக்கிழமை அலைஞ்சதுல எனக்குப் புரிஞ்சது, டில்லி புத்தகங்கள் பொதுவா நாலு ஜாதி.

முதல் ஜாதி, முதுகுல மூட்டையோட வர்ற வெளிநாட்டுப் பயணிக்கானது. லோன்லி பிளானட் 1981ல இந்தியாவுக்குன்னு முதல் புத்தகம் போட்டப்போ மனசுல வெச்சிருந்த ஆள், கையில கொஞ்சம் காசோட மாசக்கணக்கா சுத்தற இளவட்டம். அந்த வம்சத்துல வந்த புத்தகங்கள்ல உழைப்பு அபாரமா இருக்கும். ஆனா காலையில ஆறரை மணிக்குத் தயிர் சாதம் கட்டி எடுத்துக்கிட்டுக் கிளம்பற ஒரு குடும்பம் அதோட கண்ணுல படவே படாது.

ரெண்டாவது, வழவழ தாள்ல கலர் படம் போட்டது. கோட்டையைக் குறுக்கே வெட்டி உள்ள என்ன இருக்குன்னு காட்டும். பொண்ணு பார்த்ததும் "இதுதான் வேணும்"னா. ஒரு கையில தூக்கிப் பார்த்தேன். அரிசி மூட்டைக்கு அடுத்த கனம்.

மூணாவது, ஊரை நிஜமாவே தெரிஞ்சவங்க எழுதினது. 2005ல வந்த லூசி பெக்கோட புத்தகம் ஆயிரம் வருஷக் கட்டடங்களை வரிசையா சொல்லும். 2011ல வந்த ஸ்வப்னா லிடிலோடது பதினாலு நடைகளா பிரிச்சு, பக்கத்துல ஒருத்தர் நடந்து வந்து சொல்ற மாதிரி இருக்கும். எனக்கு மட்டும்னா கண்ணை மூடிக்கிட்டு இந்த ஜாதியில வாங்கியிருப்பேன். ஆனா அது நடக்கிறவங்க புத்தகம். எங்க அப்பாவால அவ்வளவு நடக்க முடியாதே!

நாலாவது, ரயில்வே ஸ்டேஷன் கடையில தொங்கற ஒல்லி புத்தகம். விலை மலிவு, எல்லா இடத்தையும் "அவசியம் காண வேண்டியது"ன்னு சொல்லும். எல்லாமே அவசியம்னா அப்புறம் புத்தகம் எதுக்கு?

இங்கதான் எனக்கு ஆற்றுப்படை ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்துல மார்க்குக்காகப் படிச்சதுதான். பத்துப்பாட்டுல அஞ்சு பாட்டு ஆற்றுப்படை. பரிசு வாங்கிட்டு வர்ற பாணன், எதிரே வறுமையோட வர்ற இன்னொரு பாணனுக்கு வழி சொல்லுவான். கூத்தருக்குக் கூத்தர், பொருநருக்குப் பொருநர். மலைபடுகடாம்ல பார்த்தீங்கன்னா, செங்கண்மா நன்னன்கிட்ட போற வழியில பன்றிக்கு வெச்ச பொறி எங்க இருக்கும், பாம்பு எங்க இருக்கும், தினைப்புனம் காக்கிறவங்க வீசற கவண்கல்லுக்கு எப்படித் தப்பிக்கணும், பாறை எங்க வழுக்கும், யார் வீட்டுல என்ன சோறு கிடைக்கும், எல்லாம் வரும். அதுல முக்கியமா நான் பார்க்கிறது, சொல்றவனும் கேட்கிறவனும் ஒரே தொழில், ஒரே பசி. அதே யாழ் மூட்டையைத் தூக்கிட்டு அதே வழியில நடந்தவன் சொல்றான். அதனாலதான் என்ன சொல்லணும்னு அவனுக்குத் தெரியுது.

பிற்காலத்துலயும் அப்படித்தான். 1830ல சென்னையிலேர்ந்து குடும்பத்தோடயும் பெரிய பரிவாரத்தோடயும் காசிக்குப் போன ஏனுகுல வீராஸ்வாமி தெலுங்குல எழுதின பயண நூல்ல, எந்த ஊர்ல சத்திரம் இருக்கு, எங்க தண்ணி நல்லா இருக்கு, எங்க சாமான் கிடைக்கும்னு வழி நெடுக வரும். பின்னாடி யாத்திரை வரப்போற குடும்பஸ்தனுக்குத் தேவையானது. 1859ல லண்டன்ல ஜான் மர்ரே கம்பெனி இந்தியாவுக்கு வழிகாட்டி போட்டப்போ மெட்ராஸ் பாகத்தைத்தான் முதல் பாகமா வெச்சாங்க. அது இங்க வேலைக்கும் சுத்திப் பார்க்கவும் வர்ற வெள்ளைக்காரருக்கு. ஊர் ஒண்ணுதான். யாருக்குன்னு எழுதறாங்களோ அதைப் பொறுத்து புத்தகம் மாறிடுது.

ஆக, "எது நல்ல புத்தகம்"னு கேட்கிறதை விட்டுட்டு, "இது யாரைப் பார்த்துப் பேசுது"ன்னு கேட்க ஆரம்பிச்சேன். அதைக் கண்டுபிடிக்க நான் வெச்ச பரீட்சைகள் இவை. கடையில நின்னுக்கிட்டே பத்து நிமிஷத்துல முடிச்சிடலாம்.

முதல்ல சொந்த ஊர் பரீட்சை. முழு இந்தியா புத்தகமா இருந்தா டில்லி பக்கத்தைத் திறக்காதீங்க. உங்க ஊர் பக்கத்தைத் திறங்க. ஒரு புத்தகத்துல தாராசுரம் கோயில் சிற்பங்களைப் பத்தி அரைப் பக்கம் உருகி எழுதியிருந்தாங்க. ஆனா நம்ம பக்கத்துக் கோயில்கள்ல மத்தியானம் நடை சாத்திடுவாங்க, சாயங்காலம் நாலு மணி வாக்குலதான் திறப்பாங்கன்னு எங்கயுமே இல்லை. இன்னொண்ணுல சிற்பத்துக்கு ரெண்டே வரி. ஆனா நடை சாத்தற நேரமும், வெயில் நேரத்துல வெறுங்கால்ல கல் பிரகாரம் எப்படிச் சுடும்கிறதும் இருந்தது. சாத்தின கதவுக்கு முன்னாடி ஒரு தடவையாவது நின்னவங்கதான் அதை எழுத முடியும். உங்களுக்குத் தெரிஞ்ச ஊர்ல நம்பிக்கையா இருக்கிறவங்களைத் தெரியாத ஊர்லயும் நம்பலாம்.

ரெண்டாவது திங்கட்கிழமை பரீட்சை. செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்ஷர்தாம், எங்க அப்பா கேட்ட காந்தி ஸ்மிருதி, எல்லாத்துக்கும் திங்கள் விடுமுறை. பக்கத்துல ஆக்ரா போனா தாஜ்மகாலுக்கு வெள்ளி விடுமுறை. நம்ம மாதிரி சனி, ஞாயிறோட ஒரு நாள் லீவு சேர்த்துப் போறவங்களுக்கு இதுதான் தலையாய சமாச்சாரம். இதை முன்பக்கத்துலயே கொட்டை எழுத்துல போட்ட புத்தகத்துக்கு அஞ்சு மார்க். ஒவ்வொரு இடத்துக்குக் கீழேயும் பொடி எழுத்துல ஒளிச்சு வெச்சா ரெண்டு. (நாங்க வியாழன்லேர்ந்து ஞாயிறு வரைக்கும்னு வெச்சுக்கிட்டோம்.)

மூணாவது வரைபடம். பல புத்தகங்கள்ல குதுப்மினாரும் செங்கோட்டையும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி அழகா நிக்கும். நேர்கோடு போட்டாலே 15 கி.மீ.க்கு மேல. டில்லி டிராஃபிக்ல அது ஒரு மத்தியானம். அளவுகோல் போடாத வரைபடம் இருக்கிற புத்தகத்தை அங்கயே வெச்சுட்டேன். அதோட படிக்கட்டு. ஜும்மா மசூதிக்கு முப்பதுக்கு மேல படி ஏறணும். ஹுமாயூன் கல்லறையில மேல் தளத்துக்குப் போற படிகள் ரொம்ப செங்குத்து. குதுப்மினார்ல 1981 விபத்துக்குப் பிறகு உள்ள யாரையும் ஏற விடறதில்லை, சுத்தி நடந்து பார்க்கிறதுதான். அதனால முட்டி வலிக்காரருக்கு அது வசதி! இந்த மாதிரி கணக்கு எந்தப் புத்தகத்துல கிடைக்குதோ, அதை எழுதினவர் ஒரு தடவையாவது தன் அப்பாவையோ அம்மாவையோ கூட்டிட்டுப் போயிருக்கார்னு அர்த்தம்.

நாலாவது, வருஷம். பழைய புத்தகம் கூடவே கூடாதுன்னு சொல்றவங்க உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். புத்தகத்துல கெட்டுப்போறது வேற, கெட்டுப்போகாதது வேற. ஓட்டல், கட்டணம், போன் நம்பர், பஸ் இதெல்லாம் பால் மாதிரி. எது எங்க இருக்கு, ஏன் பார்க்கணும், எதை விடலாம்கிறது ஊறுகாய் மாதிரி. பால் விஷயத்துக்குப் போன் போதும். ஊறுகாய் விஷயத்துல போன் உதவாது. எல்லா இடத்துக்கும் நாலரை நட்சத்திரம், ஆயிரக்கணக்குல அபிப்பிராயம். "இதை விட்டுடு, பரவாயில்லை"ன்னு தைரியமா சொல்ல அதுக்குத் தெரியாது.

அஞ்சாவது, எழுத்து சைஸ். சிரிக்காதீங்க. கண்ணாடி போட்டுக்கிட்டு ஆடற வண்டியில படிக்க முடியுமா? ஒரு கையில பிடிக்க முடியுமா? இதுல பாதி புத்தகங்கள் காலி.

கடைசிப் பரீட்சை, பின்பக்கத்து அகராதி வரிசைப் பட்டியல். தேடிப் போற இடத்தை அதுல பாருங்க. ஒரு பெரிய புத்தகத்துல காந்தி ஸ்மிருதிக்கு மூணு வரி. அதே பக்கத்துல ஒரு மார்க்கெட்டுக்கு ஒரு பத்தி. தப்பு சொல்லலை, அது வேற யாருக்கோ எழுதினது. கடைசியில நான் வாங்கினது டில்லிக்குன்னே எழுதின, அவ்வளவா கனமில்லாத, சில வருஷம் பழசான ஒரு புத்தகம். அதுல அந்த வீட்டுக்கு முழுசா ஒரு பக்கம். பேரைச் சொல்லப்போறதில்லை. உங்க அப்பா கேட்கிற இடம் வேறயா இருக்கும், உங்களுக்கு வேற புத்தகம் அமையும்.

வீட்டுக்கு வந்து அதை நேரா அப்பா கையில குடுத்தேன். "நீங்க பார்த்து பிளான் போடுங்கப்பா. நான் வண்டி மட்டும் ஏற்பாடு பண்றேன்."

மூணு நாள் பென்சிலும் கையுமா உட்கார்ந்துட்டார். இடையிடையே "இது இப்பவும் இருக்கா பாரு"ன்னு கேட்பார். நான் போன்ல பார்த்துச் சொல்லுவேன். ராஜ்பத் 2022லேர்ந்து கர்தவ்ய பத். முகல் கார்டன் 2023லேர்ந்து அம்ருத் உத்யான். நேரு மியூசியம் இருந்த வளாகத்துல 2022ல பிரதமர்கள் அருங்காட்சியகம் வந்தாச்சு. புது பார்லிமென்ட் 2023ல திறந்தாச்சு. ரேஸ் கோர்ஸ் மெட்ரோ ஸ்டேஷனுக்கு 2016லேர்ந்து பேரு லோக் கல்யாண் மார்க். எல்லாத்தையும் ஓரத்துல அழகா எழுதிக்கிட்டார். "பழைய புத்தகம் வாங்கிட்டு வந்து மாமாவுக்கு வேலை வெக்கிறீங்களே"ன்னு தங்கமணி சொன்னதுக்கு அப்பா சொன்ன பதில்: "தெரு பேரு மாறினா தபால் நின்னுடுமாம்மா? முப்பத்தாறு வருஷம் இதைத்தானே பண்ணினேன்!"

அவர் போட்ட பிளான்ல ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம். செங்கோட்டை பேரைத் தானே அடிச்சுட்டார், நடை அதிகம்னு. அம்மாவுக்காக ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர் சுவாமிநாதரைக் கடைசி நாள் வெச்சார், அங்கேர்ந்து ஏர்போர்ட் பக்கம்னு. அந்த ஊரை ஒரு தடவைகூடப் பார்க்காதவர் போட்டது. நான் ஒரு மாத்தமும் செய்யலை.

முதல் நாள் காந்தி ஸ்மிருதி. அப்போ பிர்லா மாளிகை, ரோட்டுக்குப் பேரு அல்புகர்க் ரோடு. இப்போ தீஸ் ஜனவரி மார்க், அதாவது ஜனவரி முப்பது சாலை. காந்தி கடைசி 144 நாள் தங்கியிருந்த வீடு. 1973 ஆகஸ்ட் 15லேர்ந்து பொதுமக்களுக்குத் திறந்திருக்கு. அவர் இருந்த அறையிலேர்ந்து பிரார்த்தனை மைதானம் வரைக்கும் அவர் நடந்த அடிகளைச் சிமெண்ட்ல காலடி காலடியா பதிச்சு வெச்சிருக்காங்க. அன்னைக்குப் படேலோட பேசிட்டிருந்ததுல பிரார்த்தனைக்குச் சில நிமிஷம் தாமதம். அவசரமா நடந்து வந்திருக்கார்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அப்பா புத்தகத்தைப் பிரிச்சு, அந்தப் பக்கத்தை வரி வரியா தமிழ்ல சொல்லிக்கிட்டே அந்தக் காலடிகள் ஓரமா மெதுவா நடந்தார். பின்னாடி நம்ம ஊர்ப்பக்கத்துலேர்ந்து சுற்றுலா வந்த ஏழெட்டுப் பேர். தமிழ்க் குரல் கேட்டதும் நெருங்கி வந்துட்டாங்க. அதுல ஒரு அம்மா, "சார், கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார், நாங்களும் கேட்கிறோம்"னாங்க. அப்பா ஒரு நிமிஷம் திகைச்சுப் பார்த்தார். அப்புறம் கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டு, முதல் வரியிலேர்ந்து திரும்ப ஆரம்பிச்சார். கூட்டம் அவரோட நடந்தது. காலடிகள் முடியற இடத்துல புத்தகத்தை மூடிட்டார். தாத்தா காவிரியில தலை முழுகின கதையை அங்க நின்னு சொன்னார். அது எந்தப் புத்தகத்துலயும் இல்லை. என் பொண்ணு அதை அன்னைக்குத்தான் முதல் தடவையா கேட்டா.

நான் பின்னாடி தண்ணி பாட்டிலும் பையுமா வந்துக்கிட்டிருந்தேன். பதினாலு வருஷத்துல முதல் தடவையா லக்கேஜ் தூக்கறது மட்டும்தான் என் வேலை.

அதனால மக்களே, அப்பா அம்மாவோட கிளம்பறப்போ போன் உங்ககிட்ட இருக்கட்டும். கூடவே ஒரு புத்தகமும் வாங்குங்க. உங்க ஊர் பக்கத்தைத் திறந்து பாருங்க, விடுமுறை நாளைப் பாருங்க, படிக்கட்டைப் பாருங்க, எழுத்து சைஸைப் பாருங்க. வாங்கினதை உங்க பையில வெச்சுக்காதீங்க. யாருக்கு வழி தெரியாதுன்னு நினைக்கிறீங்களோ, அவங்க கையில குடுத்துடுங்க.

பி.கு: அந்தப் புத்தகம் இப்போ கும்பகோணத்துல, யாரோ டில்லி போறாங்கன்னு இரவல் போயிருக்கு. பென்சில் திருத்தங்களோடதான். திரும்பி வரும்போது இன்னும் நாலு திருத்தம் ஏறியிருக்கணும்கிறது அப்பா போட்ட கண்டிஷன் :-)